எரிச்சல் நோட்டு

மென்பொருள் வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு நோட்டு வாங்கினேன். நல்ல பழக்கம் ஒன்றைத் தொடங்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, கோபத்தில் வாங்கியது. அன்று காலையிலிருந்து ஒரே சோதனையை நான்காவது முறையாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முறை ஓடி முடிக்க 40 நிமிடம் ஆகும். 38-ஆவது நிமிடத்தில், தனக்கு வேண்டிய கோப்பு ஒன்றைக் காணோம் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். கோப்பைத் தேடி வைத்துவிட்டு மறுபடி தொடங்கினால், மறுபடி 38 நிமிடம் கழித்து அடுத்த கோப்பைக் காணோம். இருக்கிறதா இல்லையா என்று முதல் நிமிடமே பார்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? பக்கத்து இருக்கையில் இருந்த மூத்தவரிடம் கேட்டேன். "அது அப்படித்தான். ஓடவிட்டுவிட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்" என்றார். அவர் எட்டு ஆண்டுகளாக நடந்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு அதை எழுதினேன். சோதனை ஓடத் தொடங்கும் முன்பே, தேவையான கோப்புகளெல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாதவற்றை மொத்தமாகப் பட்டியலிடும் 12 வரிச் சிறு நிரல் (ஸ்கிரிப்ட்) ஒன்றை எழுதி, சோதனைக்கு முன்னால் மாட்டிவிட்டேன். அடுத்த மாதமே பக்கத்து அணிகள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயின. ஆண்டு மதிப்பீட்டில் என் பெயருக்கு எதிரே 'புதுமை நாட்டம் உள்ளவர்' என்று எழுதியிருந்தார்கள். எரிச்சல் நாட்டம் உள்ளவர் என்று எழுதியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

அந்தப் பாராட்டு எனக்கு நல்லது செய்யவில்லை. அதற்குப் பிறகு நான் உட்கார்ந்து 'புதுமை' செய்யத் தொடங்கினேன். எந்தத் தொழில்நுட்பம் புதிதாக வந்தாலும் அதை எங்கே நுழைக்கலாம் என்று இடம் தேடினேன். கையில் சுத்தியலை வைத்துக்கொண்டு ஆணி தேடி அலைவது என்பார்களே, அதுதான். நோட்டு இழுப்பறைக்குள் போய்விட்டது.

இந்தக் காலத்தின் உச்சம் ஒரு கணிப்புத் திட்டம். வாடிக்கையாளரிடமிருந்து வரும் விண்ணப்பங்களை எங்கள் மென்பொருளில் ஏற்றும் பதிவுப் பிரிவில், அடுத்த வாரம் எவ்வளவு வேலை வரும் என்று முன்கூட்டியே சொல்லும் திரை. மூன்று பேர் ஒன்பது மாதம் உழைத்தோம். வரைபடங்கள் நிறம் மாறும், எண்கள் அசையும். செயல்விளக்கத்தில் கைதட்டல் கிடைத்தது. வெளியிட்டு ஆறு வாரம் கழித்துப் பயன்பாட்டுப் பதிவுகளைப் பார்த்தேன். அந்தத் திரையை அதுவரை திறந்தவர்கள் நான்கு பேர். அதில் மூன்று பேர் நாங்கள்.

மனம் கசந்துபோய், ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்பதற்காகப் பதிவுப் பிரிவுக்குப் போனேன். அங்கே அனுபவம் மிக்க ஊழியர் ஒருவர் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவீர்களா, இல்லை பார்த்துக்கொண்டே இருப்பீர்களா?" என்று கேட்டார். பார்க்கிறேன் என்றேன்.

அவருடைய விசைப்பலகைக்கு இடப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சீட்டுக்கட்டு இருந்தது. பயன்படுத்திய காகிதத்தைத் துண்டு போட்டுக் கிளிப்பில் செருகியது. இரண்டு முனையும் சீவிய பென்சில் ஒன்று. முதல் திரையில் விண்ணப்பத்தை ஏற்றியதும் 11 இலக்க எண் ஒன்று வரும். அடுத்த திரைக்குப் போனால் அந்த எண் மறைந்துவிடும். ஆனால் அடுத்த திரை கேட்கும் முதல் விவரமே அந்த எண்தான். அவர் வலது கையால் மௌஸைப் பிடித்துக்கொண்டே இடது கையால் எண்ணைச் சீட்டில் எழுதினார். உதடு அசைய ஒரு முறை படித்தார். அடுத்த திரைக்குப் போய்த் தட்டச்சு செய்தார். திரையையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துச் சரிபார்த்தார். சீட்டைக் கிழித்துக் காலடிக் கூடையில் போட்டார். பிறகு அடுத்த விண்ணப்பம். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் 26 சீட்டுகள் கூடைக்குப் போயின. அவர் வலக்கைக்காரர். இந்த வேலைக்காகவே இடது கையால் எழுதப் பழகியிருக்கிறார்.

"இதை ஏன் எங்களிடம் சொல்லவே இல்லை?" என்றேன்.

"இது கோளாறு என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கணினி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்."

அந்த எண்ணை இரண்டாவது திரையில் தானாக நிரப்ப எனக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. பிரிவில் 30 பேர். அடுத்த வாரம் போனபோது சீட்டுக்கட்டுகள் காணவில்லை. என் அணியில் யாரும் இதைப் புதுமை என்று ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விருது, கைதட்டல் எதுவும் இல்லை. கணிப்புத் திரை இன்னும் யாரும் திறக்காமலே கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்து இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

பெரிய கண்டுபிடிப்புகள் வேறு ரகம், அவை மேதைகளுக்கு வானத்திலிருந்து விழுபவை என்று ஒரு நினைப்பு எனக்கும் இருந்தது. அதைக் கலைத்தது கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹாமிங்கின் கதை. 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ரிலே என்ற மின்சாரச் சுவிட்சுகளால் ஆன ஒரு கணினியில் வார இறுதியில் மட்டும் அவருக்கு இடம் கிடைக்கும். கணக்கில் பிழை நேர்ந்தால் அந்த இயந்திரத்துக்குத் தெரியும். வார நாள்களில் ஆள் இருப்பார்கள், வந்து சரிசெய்வார்கள். வார இறுதியில் ஆள் கிடையாது. இயந்திரம் அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். தொடர்ந்து இரண்டு வாரம் திங்கட்கிழமை வந்து பார்த்தால் அவருடைய கணக்கு நடக்கவே இல்லை. பிழை நேர்ந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துத் திருத்த ஏன் முடியாது என்று எரிச்சலோடு கேட்டுக்கொண்டார். 1950-இல் வெளியான அவருடைய பிழைதிருத்தும் குறியீடு அந்தக் கேள்விக்கான பதில். இன்றைக்குச் சர்வர்கள் எனும் பொதுக் கணினிகளின் நினைவகத்தில் ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, புரண்டாலும் தானாகவே திருத்திக்கொள்கிற ஏற்பாட்டின் வேர் அதுதான். அதே இயந்திரத்தால் அதே தொல்லையை மற்றவர்களும் பட்டிருப்பார்கள். "வார இறுதியில் அது அப்படித்தான்" என்று அவர்கள் போயிருப்பார்கள் என்பது என் ஊகம்.

என் நோட்டு எப்படி இருக்கும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று பத்திகள். முதலாவது தேதி. இரண்டாவது, எது எரிச்சலூட்டியது. மூன்றாவது, அதை எப்படிச் சமாளித்தேன். முதல் நோட்டில் மூன்றாவது பத்தி கிடையாது. வெறும் புலம்பலாக இருக்கும். மூன்றாவது பத்தி வந்த பிறகுதான் நோட்டு வேலை செய்யத் தொடங்கியது. 'கோப்பைக் கையால் நகல் எடுத்தேன்', 'இன்னொருவரிடம் கடவுச்சொல் கேட்டேன்', 'எக்செல்லில் போட்டுத் திரும்ப ஏற்றினேன்' என்று ஒரே சமாளிப்பு வெவ்வேறு தேதிகளில் திரும்பத் திரும்ப வரும். வெவ்வேறு தொல்லைகள் என்று நான் நினைத்தவை ஒரே தொல்லை என்று அப்போது தெரியும். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் அந்தப் பத்தியை மட்டும் படிப்பேன். மூன்று முறைக்கு மேல் வந்த சமாளிப்புக்குச் சிவப்பு மையில் வட்டம். நான் தொடும் வேலை அந்த வட்டங்கள் மட்டும்தான். மற்றதை விட்டுவிடுவேன். எல்லா எரிச்சலுக்கும் மருந்து போடக் கிளம்பினால் நம் வேலை என்ன ஆவது?

அடுத்தவர் வேலையைப் பார்க்க உட்காரும்போது 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக வரும் பட்டியலில் சீட்டுக்கட்டு இருக்காது. கையைப் பார்க்க வேண்டும். மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய காகிதம், பக்கத்தில் வைத்திருக்கும் கால்குலேட்டர், தனியாகத் திறந்து வைத்திருக்கும் எக்செல் கோப்பு ஆகிய மூன்றும் நம் மென்பொருள் தோற்ற இடங்கள். கியூஆர் குறியீடும் இந்த வகையில் பிறந்ததுதான். ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் வேலை செய்த மசாஹிரோ ஹாரா 1994-இல் அதை உருவாக்கினார். ஒரு பார்கோடில் ஏறக்குறைய 20 எழுத்துகள்தான் அடங்கும் என்பதால், தொழிற்சாலையில் ஒரே பெட்டியின் மேல் பல பார்கோடுகளை ஒட்டி, ஒவ்வொன்றாகப் படித்துக் களைத்துப்போன தொழிலாளர்களின் குறையிலிருந்து அவர் தொடங்கினார். மதிய இடைவேளையில் ஆடும் கோ என்ற பலகை ஆட்டத்தின் கறுப்பு வெள்ளைக் காய்கள் அவருக்கு வடிவத்தைக் காட்டின என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த வேலை. மூலைகளில் இருக்கும் சதுரங்களை இயந்திரம் வேறு எதுவென்றும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதற்காக அவரும் உடன் வேலை செய்தவரும் துண்டறிக்கைகள், பத்திரிகைகள், அட்டைப்பெட்டிகள் என்று கைக்குக் கிடைத்த அச்சுப் பொருள்களையெல்லாம் ஆராய்ந்து, கறுப்பும் வெள்ளையும் எந்த விகிதத்தில் மிக அரிதாக வருகின்றன என்று தேடினார்கள். விடை 1:1:3:1:1. மூலைச் சதுரத்தின் நடுவே ஒரு கோடு இழுத்தால் இன்றும் அந்த விகிதம்தான் கிடைக்கும். கோ பலகை தந்த யோசனை ஒரு கணத்தில் வந்திருக்கலாம். அட்டைப்பெட்டிகளை அளப்பது அப்படி அல்ல.

இனி என் தவறு ஒன்று. அனுமதி கேட்டால் தாமதமாகும் என்று யாரிடமும் சொல்லாமல் செய்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. என்ன நடந்தது என்று சர்வர்கள் தாமே எழுதிவைக்கும் பழைய பதிவுக் கோப்புகள் நிரம்பி வட்டு அடைத்துக்கொள்வதைத் தவிர்க்க, இரவு 2 மணிக்கு 30 நாளுக்கு மேற்பட்டவற்றை அழிக்கும் ஸ்கிரிப்டை என் கணக்கிலேயே ஓடவிட்டேன். ஓராண்டு ஒழுங்காக ஓடியது. வட்டு நிரம்பும் அலாரம் நின்றுபோனதை யாரும் கவனிக்கக்கூட இல்லை. பிறகு ஒரு நாள், மூன்று மாதத்துக்கு முன் நடந்த ஒரு பரிமாற்றத்தில் சந்தேகம் எழுந்து பதிவுகளைத் தேடினார்கள். இல்லை. யார் அழித்தது என்று இரண்டு நாள் தேடினார்கள். ஊடுருவலாக இருக்குமோ என்றுகூடப் பேச்சு வந்தது. மூன்றாம் நாள் நான் போய் ஒப்புக்கொண்டேன். மேலாளர் குரலை உயர்த்தவில்லை. "இதை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். எங்கும் இல்லை. அன்றிலிருந்து எவ்வளவு சிறிய கருவியாக இருந்தாலும் அதன் தலையில் நான்கு வரிகள் எழுதிவிடுகிறேன்: என்ன செய்கிறது, எதைத் தொடுகிறது, எப்படி நிறுத்துவது, நான் இல்லாவிட்டால் யாரிடம் கேட்பது. அணியின் பொதுப் பட்டியலிலும் ஒரு வரி. அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று இளையவர்களிடம் இன்றும் சொல்கிறேன். ஆனால் ஒளித்துச் செய்யாதீர்கள் என்று அதோடு சேர்த்துச் சொல்கிறேன்.

செய்த மாதிரியை யாரிடம் முதலில் காட்டுவது என்பதும் ஒரு கலை. உற்சாகக்காரர்கள் எதையும் நன்றாக இருக்கிறது என்பார்கள், அவர்களால் பயனில்லை. ஒவ்வோர் அணியிலும் எதற்கும் முகம் சுளிக்கும் ஒருவர் இருப்பார். நான் அவரிடம் போவேன். பத்தே நிமிடத்தில் உடைத்துக் காட்டிவிடுவார். அவர் உடைத்ததைச் சரிசெய்துவிட்டு இரண்டாம் முறை போகும்போது பெரும்பாலும் அவரே அதற்குப் பரிந்து பேசத் தொடங்கிவிடுகிறார். ஏன் என்று எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை.

செத்துப்போன யோசனைகளுக்கும் நோட்டின் பின்பக்கத்தில் இடம் உண்டு. 'முடியாது' என்று எழுதி மூடிவிட்டால் அது முடிந்தது. 'எது மாறினால் முடியும்?' என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் அது தூங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெல் ஆய்வுக்கூடத்திலேயே இன்னோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தோட்டத்துக் குழாய்களை ஒன்றோடொன்று மாட்டுவதுபோல நிரல்களை மாட்ட வழி வேண்டும் என்று அங்கே வேலை செய்த டக் மெக்கில்ராய் 1964-இல் ஒரு குறிப்பு எழுதினார். யூனிக்ஸ் என்ற இயங்குதளமே பிறக்காத காலம். யூனிக்ஸ் வந்து, அவரும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்து, 1973-இல் யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் ஒரே இரவில் அதைச் செய்து முடித்தார். இன்றும் கட்டளைத் திரையில் செங்குத்துக் கோடு ஒன்றைப் போட்டு ஒரு நிரலின் விடையை இன்னொன்றுக்கு அனுப்பும்போது அந்த இரவைத்தான் பயன்படுத்துகிறோம். ஒரு இரவு வேலை, ஒன்பது ஆண்டு காத்திருப்பு. என் நோட்டின் பின்பக்கத்தில் 40-க்கு மேல் தூங்குகின்றன. எழுந்தவை மூன்று. அதில் ஒன்று, முழுப் பதிவுகளையும் நினைவகத்தில் வைத்தே தேடலாம் என்ற யோசனை. 'நினைவகம் 16 மடங்கு கூடினால்' என்று எழுதியிருந்தேன். ஏழு ஆண்டில் கூடிவிட்டது.

புதிய தொழில்நுட்பம் கற்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. சான்றிதழ்கள் வேலை மாற உதவின, யோசிக்க உதவவில்லை. உதவியது, அன்றாடம் பயன்படுத்தும் ஒன்றின் சிறிய வடிவத்தை ஆண்டுக்கு ஒன்றாக நானே கட்டிப் பார்த்தது. ஒரு ஆண்டு சிறிய தேடுபொறி, இன்னோர் ஆண்டு வட்டில் எழுதும் சிறிய டேட்டாபேஸ், பிறகு ஒரு பொம்மை மொழியில் எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர். எதுவும் வெளியே காட்டும் தரத்தில் இல்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்த பிறகு, ஒவ்வோர் இடத்திலும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு நெருக்கடியில் ஒரு முடிவு எடுத்திருக்கிறார் என்று தெரிந்தது. அது தெரிந்தவனுக்கு 'அது அப்படித்தான்' என்று சொல்ல வாய் வருவதில்லை.

நடுவில் இரண்டு ஆண்டுகள் நோட்டில் ஒன்றுமே இல்லை. வீட்டில் கைக்குழந்தை, அலுவலகத்தில் இரவு அலாரம். எரிச்சல் ஏராளமாக இருந்தது, ஆனால் எழுதத் தெம்பில்லை. அப்போது என் திறமை வற்றிவிட்டதாகப் பயந்தேன். தூக்கம் திரும்பியதும் அதுவும் திரும்பியது.

பயப்பட வேண்டிய காலம் அதற்குப் பிறகுதான் வந்தது, பதவி உயர்ந்தபோது. என்னைத் தொல்லைப்படுத்தும் எதையும் இப்போது வேறொருவர் செய்கிறார். கோப்பு தேட ஓர் ஆள், அறிக்கை எடுக்க ஓர் ஆள். 15-ஆவது ஆண்டில் நோட்டைப் புரட்டியபோது ஆறு மாதத்தில் நான்கு பதிவுகள். நான்குமே கூட்டங்களைப் பற்றியவை. கல் மிதித்து நடந்த காலுக்குச் செருப்பு கிடைத்ததுபோல. வழியில் கல் இருப்பதே தெரியவில்லை. இதற்கு நான் கண்ட ஒரே வழி, மாதத்தில் ஒரு நாள் அணியின் கடைநிலை வேலை ஒன்றை முழுதாக நானே செய்வது. வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் எழுதுவேன், அல்லது புதுச் சர்வர் ஒன்றை அமைப்பேன். முதல் முறை செய்தபோது, நானே எழுதி அனைவருக்கும் அனுப்பிய வழிகாட்டியின் மூன்றாவது படியிலேயே மாட்டிக்கொண்டேன்.

இப்போது செருப்பு இன்னும் தடித்துவிட்டது. ஏதாவது இடறினால் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் சொன்னால் போதும், இரண்டு நிமிடத்தில் சமாளிப்பு ஸ்கிரிப்ட் வந்துவிடுகிறது. நானும் பயன்படுத்துகிறேன், நன்றாகவே எழுதுகிறது. சென்ற ஆண்டு நோட்டு மெலிந்துபோனதைப் பார்த்து, எல்லாம் சீராகிவிட்டது என்று மகிழ்ந்தேன். பிறகு என் கணினியில் ஒரு கோப்புறையைத் திறந்தபோது அப்படிப்பட்ட சிறு ஸ்கிரிப்டுகள் 63 கிடந்தன. அதில் ஒன்பது, ஒரே தேதி வடிவத்தை வேறு வடிவமாக மாற்றுபவை. அந்தத் தேதி எந்த மென்பொருளில் தவறாகப் பிறக்கிறது என்று பார்க்கப் பொறுமை இல்லாமல் ஒன்பது முறை கட்டுப் போட்டிருக்கிறேன். முன்பாவது ஒவ்வொரு முறையும் வலித்திருக்கும். இப்போது விதி மாற்றியிருக்கிறேன்: உதவியாளரிடம் ஒரு சமாளிப்பு கேட்டால், அதை முதலில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் கேட்பது. கையால் எழுத வேண்டும் என்பதாலேயே சில நேரம் கேட்காமல் மூலத்தைத் தேடிப் போகிறேன்.

கம்பைலர்களின் முன்னோடியான கிரேஸ் ஹாப்பர் தன் அலுவலகச் சுவரில் இடப்பக்கமாகச் சுற்றும் கடிகாரம் ஒன்றை மாட்டியிருந்தார். எப்போதும் இப்படித்தான் செய்கிறோம் என்று வருபவர்களுக்கு அதுவே பதில். பழகிவிட்டால் அதிலும் சரியான மணிதான் தெரியும். எனக்கு அப்படி ஒரு கடிகாரம் இல்லை. அதற்குப் பதிலாகப் புதிதாகச் சேர்பவர்கள் இருக்கிறார்கள். முதல் 30 நாள் அவர்களுக்குப் புரியாதது, அபத்தமாகப் படுவது எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதச் சொல்கிறேன். முப்பது நாளும் நான் விளக்கம் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். விளக்கம் கேட்டால் அவர்களுக்கும் பழகிவிடும்.

சென்ற மாதம் ஒரு பெண் 31 கேள்விகள் கொண்ட பட்டியலைக் கொடுத்தார். பெரும்பாலானவற்றுக்கு என்னிடம் பதில் இருந்தது. பதினான்காவது கேள்வி: "இந்தத் திரை பிறந்த தேதியை ஏன் இரண்டு முறை கேட்கிறது?"

"அது அப்படித்தான்" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மேற்கொண்டு கேட்கக் காத்திருந்தார். சுதாரித்துக்கொண்டு வரலாற்றைச் சொன்னேன். 11 ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் மென்பொருளோடு இணைத்தோம். அதற்குத் தேதி வேறு வடிவத்தில் வேண்டும். மாற்றும்போது நாளும் மாதமும் இடம் மாறிப் பெரிய குழப்பம் நடந்தது. அதனால் பாதுகாப்புக்காக இரண்டு முறை கேட்க வைத்தோம். எழுதியது நான்தான்.

"அந்த இணைப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பார்க்கலாமா?" என்றார்.

நிரலைத் திறந்து தேடினேன். இணைப்பைத் துண்டித்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது. துண்டித்ததும் நான்தான், குறிப்பில் என் பெயர் இருந்தது. ஒன்றும் பேசாமல் நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் விட்டேன். அவர் அந்த இரண்டாவது பெட்டியை நீக்கிவிட்டுச் சோதனையை ஓடவிட்டார்.